பையில் கொள்ளுமா

கல்விக் கடன் வங்கியில் விழுந்த மறுநாள்
தையல் டேப்பையும் கல்லூரிப் பையையும் எடுத்துக்கொண்டு
பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போனேன்.
ஆறு மணி பஸ் பாதி நாள் வருவதில்லை.
அடுத்தது ஒன்பதே கால்.
எட்டுக்கு வருகைப் பதிவு.

ஆ லெக் கடையில்
மின்சைக்கிள்கள் ஒருக்களித்து நின்றன,
சம்பள நாளில் கடன் கொடுத்தவனைக் கண்டு
முகம் திருப்பி நிற்பவர்கள் மாதிரி.
சிவப்பு ஒன்று, மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
அதன் பக்கமே போகவில்லை.
போனால் கை தொட்டுவிடும்.

"தங்காச்சி, எத்தனை கிலோமீட்டர்?"
"பதினொன்று. போக மட்டும்."
"இது நாற்பது ஓடும்."
யார் ஏறினால் நாற்பது?
செம்பனை ஆலை மேட்டில் எத்தனை?
எதிர்க்காற்றில்?
அவர் கால்குலேட்டரைத் தேடினார்.

எங்கள் வீட்டில் பிளக் இரண்டு.
ஒன்று ரைஸ் குக்கருக்கு.
மற்றது கருகிய நாளிலிருந்து
பிளாஸ்டர் ஒட்டிக் கிடக்கிறது.
ஆகவே நான் வாங்க வந்தது சைக்கிளே அல்ல,
நூலக மூன்றாம் மாடியில்
ஜன்னலோர மேசைக்கடியில் உள்ள
அந்த ஒற்றைப் பிளக்குவரை
தூக்கிப் போகக்கூடிய பேட்டரி.
சைக்கிள் அதற்குத் துணைக்கு.

டேப்பை விரித்தேன்.
முதல் வண்டியின் பேட்டரி சட்டத்துக்குள் புதைந்திருந்தது.
இரண்டாவது கழன்றது; நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
பை ஜிப் பாதியில் நின்று
பெரிய மீனைக் கவ்விய பூனையாய் விழித்தது.
மூன்றாவது வண்டி சாம்பல் நிறம், போன வருடத்தது,
இடப்பக்கம் கீறல், ஆயிரத்து எழுநூற்றைம்பது.
பேட்டரி முப்பத்தொன்று. எடை இரண்டரைக் கிலோ.
புள்ளியியல் புத்தகத்தோடு சேர்ந்து
உள்ளே போனது.
ஜிப் மூடியது.
அந்தச் சத்தம் ஆ லெக் காதிலும் விழுந்துவிட்டது.
அதற்குமேல் ஐந்து வெள்ளிகூடக் குறையவில்லை.

தலைக்கவசம்: வாரைப் பூட்டி, குனிந்து,
நாய் போல் தலையை உதறிப் பார்த்து எடுத்தேன்.
வண்டியோடு இலவசமாக வந்த விளக்கு
மின்மினிக்குத் தம்பி.
வேறு வாங்கினேன், பின்னால் சிவப்பும் சேர்த்து.
விடியலில் குலை ஏற்றிய லோரிகள்
பாதித் தூக்கத்தில் வரும்.
மழைக்கோட்டில் நல்ல ஊதா ஒன்று இருந்தது.
மஞ்சளை எடுத்தேன்.
போட்டால் வாழைத்தார் மாதிரி இருக்கிறேன்.
இருக்கட்டும்,
செம்பனைக் காட்டுக்குள் வாழைத்தார் தெரியும்.
மலிவுப் பூட்டைக் கேட்டதற்கு
ஆ லெக்கே குறடெடுத்து
ஒரு நொடியில் அறுத்துக் காட்டினார்.
தொண்ணூறு வெள்ளிப் பூட்டு.

வீடு திரும்பும்போது ஆலை மேட்டில்
நாலு கோட்டில் மூன்று அணைந்தது.
மிதித்தேன்.
பக்கத்தில் சொஹெல் வந்தான்,
பழைய சைக்கிள், கம்பியில் கட்டிய நீள அரிவாள்,
எழுந்து நின்று மிதித்து
என்னைத் தாண்டி,
மேட்டு உச்சியில் காத்திருந்து கேட்டான்:
"பெராப்பா?"
ஆயிரம், என்றேன்.

ஏன் குறைத்தேன் என்று தெரியவில்லை.
அவன் ஊருக்கு அனுப்புகிற காசுக்கு
நான் கணக்குப் போட்டதில்லை.
"மஹால்," என்று சிரித்தான்,
ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தான்,
மணியை ஒருதரம் அடித்தான்.
இறக்கத்தில் இருவரும் மிதிக்காமல் போனோம்.
அந்த இடத்தில் அவன் வண்டியும் என் வண்டியும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு
பேட்டரியை மார்போடு அணைத்து
மூன்று மாடி ஏறினேன்.
பிளக்கில் நூருல் இஸ்ஸாத்தியின் லேப்டாப்.
அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.
இருவரும் கொஞ்ச நேரம்
சுவரைப் பார்த்தோம்.

இரட்டைப் பிளக், எட்டு வெள்ளி.
பட்டியலில் எழுத மறந்திருந்தேன்.